மழித்த காலும் காற்றின் தடையும்

சைக்கிள் பந்தய வீரர்கள் கால் முடியை மழித்துக்கொள்வதால் காற்றுத்தடை எவ்வளவு குறைகிறது என்ற கேள்விக்கு, ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு விடைகள் உள்ளன. 1987-இல் அமெரிக்க இயந்திரவியல் பேராசிரியர் செஸ்டர் கைல், சிறிய காற்றுச் சுரங்கம் (காற்றைச் செயற்கையாக வீசச்செய்து தடையை அளக்கும் கூடம்) ஒன்றில் போலிக் கால் ஒன்றை முடியுடனும் முடியின்றியும் சோதித்தார். தடை 0.6 விழுக்காடு குறைகிறது என்றும், மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு அதனால் 5 விநாடி மிச்சமாகும் என்றும் அவர் கணக்கிட்டார். 2014-இல் கலிபோர்னியாவின் மோர்கன் ஹில் நகரில், ஸ்பெஷலைஸ்டு என்னும் சைக்கிள் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில், மார்க் கோட், கிறிஸ் யூ என்னும் பொறியாளர்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) வீரர் ஜெஸ்ஸி தாமஸின் கால்களை மழிப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தபோது, தடை ஏறக்குறைய 7 விழுக்காடு குறைந்திருந்தது. நம்ப முடியாமல் மேலும் சிலரைச் சோதித்தார்கள். மொத்தம் ஆறு பேரிடம், அதே 40 கி.மீ. தொலைவுக்கு 50 முதல் 82 விநாடிகள் வரை மிச்சம் தெரிந்தது.

இந்த விநாடிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்க்கலாம். சமதளச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தனியே செல்லும் வீரர் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே காற்றை வெல்வதற்கு மட்டும், பத்து விழுக்காடு கூடுதல் வேகத்துக்கு 33 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். பயிற்சியால் அவ்வளவு திறனைச் சேர்ப்பது பெரும்பாடு என்பதால்தான் தடையைக் குறைக்கும் எந்தச் சிறு வழியையும் வீரர்கள் விடுவதில்லை. 1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸில், 3,200 கி.மீ.க்கு மேல் ஓட்டிய பிறகு, கிரெக் லெமாண்ட் லாரன்ட் ஃபின்யோனை வென்றது வெறும் 8 விநாடியில். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான கடைசி 24.5 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயத்தில் (ஒவ்வொருவரும் தனியே, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவது), லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் வடிவத் தலைக்கவசமும் முன்னே நீண்ட கைப்பிடியும் கொண்டிருந்தார். ஃபின்யோன் தலைக்கவசமின்றி, குதிரைவால் முடி பறக்க ஓட்டினார்.

இனி காலுக்கு வருவோம். காற்றியலின் பார்வையில் கெண்டைக்கால் ஏறத்தாழ ஓர் உருளை. உருளையைச் சுற்றி வரும் காற்று அதன் பின்புறம் வரை ஒட்டியபடி செல்லாமல், பக்கவாட்டிலேயே பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த பகுதி உண்டாகி, காலைப் பின்னோக்கி இழுக்கிறது. தடையின் பெரும்பகுதி இந்த அழுத்த வேறுபாட்டால் வருவதே. தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான உராய்வின் பங்கு மிகச் சிறியது.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் தடை எப்போதும் கூடும் என்பது உண்மையல்ல. கோல்ஃப் பந்தின் குழிகள், பந்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தைக் கொந்தளிக்கச் செய்து, காற்று இன்னும் சற்றுப் பின்னால் சென்று பிரியும்படி செய்கின்றன. சுழல் பகுதி சுருங்குவதால் பந்து அதிகத் தொலைவு பறக்கிறது. பந்தய உடைகளிலும் நீண்ட காலுறைகளிலும் வரிவரியான துணிகளைப் பயன்படுத்துவதற்கும் இதுவே காரணம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் காலுறையின் உயரத்துக்கு வரம்பு விதித்திருப்பதிலிருந்தே அதன் பயனை உணரலாம். அப்படியானால் கால் முடியும் அதே உதவியைச் செய்ய வேண்டாமா? சொரசொரப்பின் உயரமும் அமைப்பும் வேகத்துக்குப் பொருந்தினால்தான் அது உதவும். துணியின் வரிகள் நுணுக்கமாகவும் ஒழுங்காகவும் அமைக்கப்படுகின்றன. முடியோ நீண்டு, ஒழுங்கற்று, காற்றில் வளைந்தாடுவது. அது காற்றுப் படலத்தைத் தூண்டிவிடுவதைவிட, அதன் வேகத்தை உறிஞ்சிக் காலின் அகலத்தைச் சற்றே கூட்டுகிறது என்று கருதுவதே பொருத்தமாக இருக்கும்.

இரண்டு சோதனைகளின் முடிவுகளும் இவ்வளவு விலகியிருப்பதற்கு, அவை அளந்த பொருள்கள் வேறானவை என்பதும் ஒரு காரணம். கைல் அளந்தது ஒற்றைப் போலிக் காலை. 2014-இல் அளந்தது சைக்கிளின் மேல் அமர்ந்திருந்த முழு மனிதரை. மிதிக்கும் காலின் கதையும் வேறு: நிமிடத்துக்கு 90 சுற்றுகள் மிதித்தால், 17 செ.மீ. நீளப் பெடல் தண்டின் முனையில் பாதம் விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் சுழலும். சுற்றின் உச்சியில் பாதம் முன்னோக்கி நகரும்போது அந்த வேகம் எதிர்காற்றுடன் கூடும், அடியில் பின்னோக்கி நகரும்போது அதிலிருந்து கழியும். ஆனாலும் சைக்கிள் விற்கும் நிறுவனம் ஆறே பேரிடம் நடத்திய சோதனையை இறுதித் தீர்ப்பாக நான் ஏற்கமாட்டேன். பயன் உண்டு என்பதை நம்பலாம். அதன் அளவுக்குத் தொடர்பற்ற வேறு ஆய்வகங்களின் அளவீடு வேண்டும்.

பயனை எல்லோரும் எப்போதும் அடைவதுமில்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட வீரர் கூட்டத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டத்தின் நடுப்பகுதியில் ஓட்டுபவர் தனியே ஓட்டும்போது சந்திக்கும் தடையில் 5 முதல் 10 விழுக்காட்டையே சந்திக்கிறார். அங்கே கால் முடியால் நேரும் இழப்பு மிகச் சொற்பம். நேரப் பந்தயத்திலும், கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னே பாயும்போதும்தான் அது கணக்கில் வரும்.

வீரர்கள் மழிக்கத் தொடங்கியதோ இந்தக் காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்கு வெகுகாலம் முன்பு. தினமும் எண்ணெய் தடவி மசாஜ் செய்யும்போது முடி இழுபடாது. சாலையில் விழுந்து சிராய்த்தால் மண்ணையும் சரளைத் தூளையும் கழுவுவது எளிது. பிளாஸ்திரியை உரிக்கும்போது வலி குறையும். இவை நியாயமான காரணங்களே. ஆனால் மழித்த தோலில் தொற்று குறையும் என்று சேர்த்துச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அறுவைச் சிகிச்சைக்கு முன் சவரக்கத்தியால் மழிக்கவே கூடாது, முடியை அகற்றியே ஆகவேண்டுமென்றால் கத்தரிக்கும் கருவியையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. சவரக்கத்தி விட்டுச்செல்லும் நுண்ணிய கீறல்கள் கிருமிகளுக்கு வழிவிடும். ஆகவே மழிக்க விரும்புபவர் பந்தயத்தன்று காலையில் அவசரமாகச் செய்யாமல், கீறல்கள் ஆறும்படி ஓரிரு நாள் முன்பே முடித்துக்கொள்வதும், முதலில் கருவியால் கத்தரித்துவிட்டுப் புதிய பிளேடைப் பயன்படுத்துவதும் நல்லது.