தொடர் பாதியில் நின்றால் உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

வியாழக்கிழமைதோறும் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு கணக்கு வந்து சேர்கிறது. பார்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வு மன்றம் 2015 ஏப்ரல் முதல் வெளியிட்டுவரும் பார்வையாளர் எண்ணிக்கை அது. பழைய பழக்கத்தில் நாம் இன்னும் டி.ஆர்.பி. என்றே சொல்கிறோம். அந்தக் கணக்கில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தை. இரவு எட்டரை மணிக்குக் கடலூர் முதுநகரில் ஒரு குடும்பம் எந்தச் சேனலில் நின்றது, லாஸ்பேட்டையில் ஒரு பாட்டி எப்போது ரிமோட்டை எடுத்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான், தொடங்கிச் சில வாரங்களே ஆன ஒரு புதிய தொடர் இருக்குமா போகுமா என்பது முடிவாகிறது.

நான் புதுச்சேரியில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தங்களைக் கையில் எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருபவர்கள் சில ஆண்டுகளாகவே அதிகரித்து வருகிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்த ஊர் இது. காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் படித்துவிட்டு நடிக்கப் போகிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு. சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். வருபவர்கள் நடிகர்கள் மட்டுமல்ல. வசனம் எழுதியவர், உடை தைத்துக் கொடுத்தவர், பிரெஞ்சுத் தெருவில் இருக்கும் பழைய வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டவர் என்று பலரும் வருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது சார், திடீரென்று நிறுத்திவிட்டார்கள்.”

பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. முதலில் ஒளிபரப்பு நேரம் மாறும். இரவு நேரத்திலிருந்து பிற்பகலுக்கோ, இரவு பத்து மணிக்கு மேலோ தள்ளப்படும். பிறகு, நன்றாக ஓடும் வேறொரு தொடரோடு ஒரு வாரம் ‘மகா சங்கமம்’ வைப்பார்கள், அந்தத் தொடரின் பார்வையாளர்களில் ஒரு பகுதியாவது இங்கே நிற்க மாட்டார்களா என்று. ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டை வரும். கதை ஐந்து வருடம் தாண்டும். மாதத்துக்குப் பதினைந்து நாள் இருந்த கால்ஷீட் எட்டாகும், ஐந்தாகும். கடைசியில் நான்கே எபிசோடுகளில் வில்லி திருந்தி, பிரிந்தவர்கள் சேர்ந்து, எல்லோரும் கோயில் வாசலில் நின்று கைகூப்புவார்கள். இந்த அறிகுறிகளில் இரண்டு சேர்ந்தாற்போல் தெரிந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். கையெழுத்திடும் முன்பே படித்திருந்தால் இன்னும் நல்லது.

சேனல் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது? ஒரு காலத்தில் தமிழில் தயாரிப்பாளரே நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தையும் தானே பிடித்து ஈடுகட்டும் முறை பரவலாக இருந்தது. தொடர் மெதுவாகச் சூடு பிடித்தாலும் நட்டத்தைத் தாங்குபவர் அவர். இப்போது பெரும்பாலும் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துத் தயாரிக்கச் சொல்கிறது. பத்து வினாடி விளம்பரத்தின் விலை அந்த வியாழக்கிழமை எண்ணைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. எட்டரை மணித் தொடர் சரிந்தால் ஒன்பது மணித் தொடருக்கு வந்து சேரும் கூட்டமும் குறைகிறது. ஆகவே ஒரு தொடரின் தோல்வி அந்த மாலை முழுவதையும் இழுத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் எந்த எண்ணை நம்பி இதைச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பார்க் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. அளவீட்டுக் கருவி வைக்கப்பட்டவை 50,000-க்குச் சற்று அதிகமான வீடுகள். சராசரியாக ஒரு வீடு ஏறக்குறைய 4,000 வீடுகளுக்குப் பதில் சொல்கிறது. ஒலியில் கலந்திருக்கும் அடையாளக் குறியைக் கருவி பிடித்துக்கொள்கிறது. யார் பார்க்கிறார் என்பதை வீட்டிலிருப்பவர் தமக்குரிய பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். மாதிரி வீடுகளை வைத்து மதிப்பிடுவது புள்ளியியலில் ஏற்கப்பட்ட முறை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீண்ட நாள் ஓடும் தொடரின் போக்கை அது நன்றாகவே காட்டும். ஐ.பி.எல். நடக்கும் மாதத்தில், பொதுத்தேர்வு நேரத்தில், ஏற்கனவே வேரூன்றிய தொடருக்கு எதிரே இறக்கிவிடப்பட்ட புதிய தொடரின் முதல் ஆறு வார எண்ணிலிருந்து அதன் எதிர்காலத்தைப் படிக்க முயல்வது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இதற்குப் பழைய உதாரணங்கள் இருக்கின்றன. என்.பி.சி. நிறுவனத்தின் ‘சியர்ஸ்’ 1982-ல் தொடங்கியபோது தரவரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. நிறுத்தாமல் விட்டார்கள்; 11 பருவங்கள் ஓடி, நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் ஒன்றாக 1993-ல் முடிந்தது. அதே நிறுவனம் ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் 1989-ஆம் ஆண்டு முன்னோட்டத்துக்குப் பிறகு வெறும் 4 எபிசோடுகளுக்குத்தான் அனுமதி கொடுத்தது. அந்தத் தொடர் 1998 வரை ஓடியது. இதற்கு எதிர்ப்பக்கம் ஃபாக்ஸ் நிறுவனம் 2002-ல் ஒளிபரப்பிய ‘ஃபயர்ஃபிளை’. எடுத்தவை 14 எபிசோடுகள். அவற்றை வரிசை மாற்றிப் போட்டு, கதையைத் தொடங்கிவைக்கும் எபிசோடைக் கடைசியில் காட்டி, 11-ஐ ஒளிபரப்பியதோடு நிறுத்திவிட்டார்கள். குறுந்தகட்டில் வெளிவந்த பிறகே அதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’, இந்தியாவின் முதல் நெடுந்தொடர். ஆரம்பத்தில் அதற்கு வரவேற்பு மந்தம். அறிவுரை அதிகம் என்று மக்கள் முகம் சுளித்தார்கள். கதையைச் சீர்செய்ய அவகாசம் கிடைத்தது. 150-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் சென்று, நாடே பேசிய தொடரானது. பண்ருட்டியில் பலாக்கன்று நட்டவர் மறுவருடமே பழம் கேட்பதில்லை. புதிய தொடருக்குக் குறைந்தது ஒரு காலாண்டாவது, நேரம் மாற்றாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் என் கருத்து சேனலைக் கட்டுப்படுத்தாது, ஒப்பந்தம்தான் கட்டுப்படுத்தும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேனலின் பெயரைப் பார்த்துத்தான் குடும்பங்கள் மகிழ்கின்றன. ஒப்பந்தமோ தயாரிப்பு நிறுவனத்தோடு போடப்படுகிறது. சேனலுக்கும் நடிகருக்கும் நேரடிச் சட்ட உறவு பெரும்பாலும் கிடையாது. ஆகவே சேனல் தொடரை நிறுத்தினால் சேனலின் மேல் வழக்குப் போட முடிவதில்லை. ‘சேனலிலிருந்து பணம் வந்ததும் தருகிறோம்’ என்று தயாரிப்பு நிறுவனம் சொல்லும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்டிருந்தால் அந்தப் பதிலுக்கு வலு உண்டு. எழுதப்படவில்லை என்றால் அது வெறும் சாக்கு. ‘படப்பிடிப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள்’ என்று தேதி குறிக்கும் வரி ஒன்று இருந்தாலே போதும், பாதி வழக்குகள் எழாது.

எந்தக் காரணமும் சொல்லாமல், ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தலாம் என்ற பிரிவு அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. அது சட்டப்படி செல்லும். தொடரை மீண்டும் எடுக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. கேட்டுப் பெறக்கூடியது குறைந்தபட்ச உறுதி மட்டுமே: ‘தொடர் நின்றாலும் இத்தனை நாள் சம்பளம் நிச்சயம்’ என்ற வரி. புதுமுகம் கேட்டால் தருவார்களா என்கிறார்கள். முன்னணி வேடம் என்றால் தருகிறார்கள், நானே எழுதி வாங்கித் தந்திருக்கிறேன்.

பணத்தைவிடக் கொடுமையானது பிரத்தியேகப் பிரிவு. திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தன் தாயோடு வந்தார். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். கதாநாயகியின் தங்கை வேடம் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு, வளசரவாக்கத்தில் முன்பணம் கொடுத்து வீடு பிடித்தார். ‘மூன்று ஆண்டுகள் அல்லது தொடர் முடியும் வரை, எது பிந்தியதோ அதுவரை வேறு எதிலும் நடிக்கக் கூடாது’ என்று கையெழுத்திட்டிருந்தார். தொடர் மூன்றாம் மாதமே நின்றது. ஆனால் ‘முடிந்தது’ என்று யாரும் எழுதித் தரவில்லை. ‘தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறோம்’ என்றார்கள். வேறொரு தொடரில் அழைப்பு வந்தபோது பழைய நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி மறித்தது. “சம்பளமும் தர மாட்டேன் என்கிறார்கள், விடவும் மாட்டேன் என்கிறார்களே, இது என்ன நியாயம் சார்?” என்று அந்த அம்மா கேட்டார்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் தெளிவாகச் சொன்னது. சிக்கல் என்னவென்றால், இந்தப் பெண்ணின் ஒப்பந்தக் காலம் காகிதத்தில் முடியவில்லை. ‘குறித்த நாளுக்குள் படப்பிடிப்பு நாட்களும் சம்பளமும் கொடுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தத்தை நீங்களே கைவிட்டதாகக் கருதுவோம்’ என்று அறிவிப்பு அனுப்பினோம். இரண்டாவது அறிவிப்புக்குப் பிறகு விடுவிப்புக் கடிதம் வந்தது. அதற்குள் அந்தப் புதிய வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. ‘தொடர்ந்து 30 நாட்கள் படப்பிடிப்போ ஒளிபரப்போ இல்லாவிட்டால் பிரத்தியேகக் கட்டுப்பாடு தானாக நீங்கும்’ என்ற ஒரே வரி அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கும். நடிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கதை எழுதுபவர்களுக்கு ஒரு சொல். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி, உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது எழுதியவருக்கே திரும்பும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரைதான். அதனால்தான் ‘19(4) பொருந்தாது’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டையில் தையலகம் நடத்தும் ஓர் அக்கா, நின்றுபோன தொடருக்கு உடைகள் தைத்த பில்லோடு வந்தார். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை அவர் ஏற்கனவே செய்திருந்தது பெரிய உதவியாக இருந்தது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாகச் சேரும். வாங்கியவர் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும், விற்றவர் இருக்கும் இடத்து வசதிமன்றத்திலேயே முறையிடலாம். சமையல், வாகனம், மின்விளக்கு என்று படப்பிடிப்புக்குச் சேவை தருபவர்கள் பொருளைக் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பதிவைச் செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தங்கள் இருபது பக்க ஆங்கிலத்தில் இருக்கின்றன. மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது நீட்டி, இயக்குநர் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்துவார்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். கேட்டதற்காக வேடம் பறிபோனதை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தக் காகிதம்கூட இல்லாமல் வாய்மொழியாக வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அரசு அறிவிக்கும் ஊதிய வரம்புக்குள் வரும் ஒலி-ஒளித் தயாரிப்புத் தொழிலாளர்களை எழுத்து ஒப்பந்தமின்றி அமர்த்தக் கூடாது என்கிறது. தொலைக்காட்சித் தொடரும் அதற்குள் வருகிறது.

தகராறு சென்னையில் உள்ள மத்தியஸ்தர் முன்புதான் தீர்க்கப்படும், அவரை நிறுவனமே நியமிக்கும் என்று எழுதியிருந்தால் மனம் தளர வேண்டாம். ஒரு தரப்பு மட்டும் தன் விருப்பப்படி மத்தியஸ்தரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-லேயே நிராகரித்துவிட்டது. பணப் பாக்கி வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். படப்பிடிப்புக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் அந்த நிறுவனம் வரிப்பிடித்தம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வராமல் பிடித்தம் மட்டும் பதிவாகியிருந்தால், அவ்வளவு தொகை உங்களுக்குத் தர வேண்டியது என்பதற்கு அந்தப் பதிவு நல்ல சான்று. அதை அச்செடுத்து, ஒப்பந்த நகலோடும் வங்கிக் கணக்கு விவரத்தோடும் உங்கள் வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்லுங்கள்.