‘ஒரு மாசந்தானே மிஸ் மூடினாங்க?’

போன வாரம் ஓர் அம்மா என் மேசையில் பதினொரு எம்சியை (மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ்) ஒரே கிளிப்பில் போட்டு வைத்தார். பதினொன்றும் வயிற்றுவலிக்கு. பக்கத்தில் பையன், உயர்நிலை 1, அம்மாவின் கைப்பை வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான், நுனி வெளுக்கிற அளவுக்கு. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறு வலியும் இல்லை. பள்ளிக்குப் போக முடியாமல் இப்படி என்னிடம் ஆலோசனைக்கு வருவதில், இந்த வருடம் இவன் ஐந்தாவது பிள்ளை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“நடிக்கிறான் மிஸ்.” இல்லைம்மா, வலி நிஜம். ‘நினைச்சாலே வயித்தைக் கலக்குது’ என்று நாமே சொல்கிறோம், பிள்ளைக்குக் கலக்கினால் மட்டும் நடிப்பா?

எப்போது தொடக்கநிலை 1-ல் சேர்ந்தான் என்று கேட்டேன். 2020. அதற்குத்தான் வந்தது அந்தப் பதில்: “கொவிட் எல்லாம் எப்பவோ முடிஞ்சது. சிங்கப்பூர்ல ஒரு மாசந்தானே மிஸ் மூடினாங்க?”

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சரி, எண்ணிப் பார்ப்போம். ஜனவரியில் பள்ளி, ஏப்ரல் 8 முதல் வீட்டிலிருந்து கற்றல், மே 5-லேயே ஜூன் விடுமுறை, ஜூன் 2-ல் பள்ளி திறந்தும் ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு. ஜூன் 29-ல்தான் எல்லாரும் தினமும் போனார்கள். இத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். அப்புறம்? தேர்வு அறை மாதிரி தனித்தனி மேசை, ரீசஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பாடு, இணைப்பாட நடவடிக்கைகள் நிறுத்தம், மே 2021-ல் மறுபடி பத்து நாள் வீடு. வகுப்பில் முகக்கவசம் கழன்றது ஆகஸ்ட் 29, 2022-ல். அப்போது அவன் தொடக்கநிலை 3. வாராவாரம் ஜொகூரிலிருந்து வந்துகொண்டிருந்த பாட்டியையும் இரண்டு வருடம் அவன் பார்க்கவில்லை. ஏழு வயதில் கேன்டீனில் சண்டை போட்டு, ‘காய்’ விட்டு, மூன்றாம் நாள் தானாகப் போய் ‘பழம்’ விடுவது எப்படி என்று எந்தத் துணைப்பாட வகுப்பும் சொல்லித்தராது. இப்போது புதுப் பள்ளி, தெரியாத முகங்கள். கலக்காதா?

எல்லாவற்றையும் கொவிட் தலையில் போடவும் மாட்டேன். பகடிவதை உண்டா, படிப்பதிலேயே சிரமமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

வயிற்றை மருத்துவர் ஒருமுறை பார்த்தாயிற்றா, அதோடு எம்சி சேர்ப்பதை நிறுத்துங்கள். ஒரு நாள் வீட்டில் இருந்தால் மறுநாள் காலை இன்னும் கனக்கும். வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்றால் பள்ளி நேரத்தில் போன், கேம் கிடையாது. காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று கத்தாதீர்கள், ஞாயிறு சாயங்காலமே பேசுங்கள். வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பள்ளி ஆலோசகர் இருக்கிறார், இரண்டு பாடவேளையில் தொடங்கினாலும் போதும். தயவுசெய்து இன்னொரு டியூஷன் வேண்டாம். அப்பாக்களே, நீங்களும் ஒரு தடவை வாருங்கள்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேச டிங்கிள் ஃபிரெண்ட் என்ற உதவித் தொலைபேசி இருக்கிறது, 1800-2744-788. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் என் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள், எந்நேரமும்.

பையன் நேற்று இரண்டு பாடவேளை உட்கார்ந்தானாம். “ரெண்டேதான் மிஸ்” என்று அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப். ரெண்டு போதும், வீட்டுக்கு வந்ததும் திட்டாதீங்க என்று பதில் போட்டேன்.