துருவைத் தேய்க்கும் முன்: மண்ணில் கிடைத்த பழைய உலோகத்தை அடையாளம் காண்பது

பழைய கோட்டை மேட்டிலோ, மக்கள் எப்போதோ விட்டுப்போன குடியிருப்பிலோ மெட்டல் டிடெக்டரோடு நடந்து ஏதாவது கண்டெடுத்தவர்கள், "இது என்ன, எந்தக் காலத்தது?" என்று கேட்டு எனக்குப் படம் அனுப்புவார்கள். மண்ணிலிருந்து எடுத்த உலோகப் பொருட்களைப் பாதுகாப்பதுதான் என் தொழில். அதனால் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வருத்தம் ஒன்றே ஒன்றில்தான். படத்தில் இருக்கும் பொருள் பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். வினிகரில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிலர் எண்ணெயும் பூசியிருப்பார்கள். விடை சொல்ல உதவியிருக்க வேண்டிய விஷயங்களில் பலவும் அந்தத் தண்ணீரோடு போயிருக்கும்.

துரு என்றால் அழுக்கு, அதை எடுத்தால் உள்ளே அசல் பொருள் இருக்கும் என்று நினைக்கிறோம். மண்ணுக்குள் நீண்ட காலம் கிடந்த இரும்பில் நடப்பது அதுவல்ல. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு பெருகுகிறது. சுற்றியிருக்கும் மணலையும் சிறு கற்களையும் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஓர் ஆணி கிழங்கு மாதிரி வீங்கிவிடும். கொல்லர் கடைசியாகத் தட்டி முடித்தபோது இருந்த மேற்பரப்பு அந்த வீக்கத்துக்கு நடுவே ஓர் அடுக்காக மட்டும் தங்கியிருக்கும். அடியில் மிச்சமிருக்கும் உலோகம் அந்தப் பழைய மேற்பரப்பைவிடச் சிறியது. ஆகவே "பளபளப்பு தெரியும் வரை" தேய்ப்பவர் பொருளின் உண்மையான வடிவத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். கத்தியின் விளிம்பும், சாவியின் பல்லும், கைப்பிடியில் போட்ட கோடுகளும் அந்த அடுக்கில்தான் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. இரும்பின் துரு தன்னை ஒட்டிக் கிடந்த துணி, தோல், மரம் ஆகியவற்றின் வடிவத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். துணி என்றோ மக்கிப் போயிருக்கும். ஆனால் அதன் நூலோட்டத்தைத் துருவின் மேல் உருப்பெருக்கியில் பார்க்கலாம். கத்தியின் பிடி எந்த வகை மரம் என்றுகூடச் சில நேரம் சொல்ல முடியும். பிரஷ்ஷின் முதல் இழுப்பிலேயே இவை போய்விடும். ஆய்வகத்தில் நாங்கள் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான். ஜெர்மனியில் கிடைத்த நெப்ரா வான்தட்டு என்பது நிலவையும் நட்சத்திரங்களையும் தங்கத்தில் பதித்த பழைய வெண்கலத் தட்டு. அதை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, ஓரத்தில் இருந்த தங்கப் பட்டை ஒன்றின் அடியில் மறைந்திருந்த இரண்டு நட்சத்திரங்கள் தெரிந்தன. தட்டை முதலில் செய்தபோது அந்தப் பட்டை இல்லை, பிறகு யாரோ சேர்த்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, வீட்டில் இருந்தபடி என்ன பார்க்கலாம்? முதலில் நிறம். பச்சைக் களிம்பு இருந்தால் செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றில் ஒன்று. சாம்பல் கலந்த வெண்மையும் கைக்குக் கனமும் இருந்தால் ஈயம். வெள்ளி கறுத்தோ, ஊதா கலந்த கருமையாகவோ வரும். மட்டமான வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு வெளியே வந்து பச்சை காட்டுவதால், வெள்ளிக் காசைச் செம்புக் காசு என்று ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. நல்ல தங்கம் போட்டது போட்டபடியே இருக்கும். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக, தொட்டால் உதிர்கிற மாதிரி ஏதாவது பூத்திருந்தால் கவனம்: அது வெண்கல நோய். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பொருளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது காந்தம். ஒட்டினால் அநேகமாக இரும்பு. ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழுவதும் துருவாகிப்போன இரும்பு காந்தத்தைக் கண்டுகொள்ளாமலும் இருக்கும். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருக்கும் வெண்ணிற உலோகம் அலுமினியமாக இருக்கலாம். அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886-இல்தான் வந்தது. எனவே சாதாரண அலுமினியப் பொருள் ஒன்று எவ்வளவு நசுங்கிப் பழையதாகத் தெரிந்தாலும், அதற்கு முந்தைய போர்க்களத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

இதற்குப் பிறகுதான் செய்முறைத் தடங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆணியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஒரு கட்டடத்தின் வயதை அது அழகாகச் சொல்லும். கையால் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக இருக்கும், நான்கு பக்கமும் முனையை நோக்கிக் குறுகும், தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரியும். தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டுமே குறுகும். அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. உருண்டைத் தண்டு கொண்ட கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் பரவியது. மரத் திருகாணியிலும் இப்படித்தான். மொட்டை முனையும், தலையில் நடுவில் இல்லாமல் சற்று விலகி வெட்டிய காடியும் (திருப்புளி பொருந்தும் பள்ளம்) இருந்தால் பழையது. கூர்முனைத் திருகாணி 1840-களுக்குப் பிறகுதான் பெருகியது. தலையில் கூட்டல் குறி மாதிரி காடி இருந்தால் 1930-களுக்கு முன் போகவே முடியாது. பொத்தான் கிடைத்தால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வளையத்தைப் பற்றவைத்த விதமும், செய்தவர் பெயர் பொறித்திருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும்.

ஈயக் குண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நசுங்கிய குண்டின் விட்டத்தை அளக்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எடை போதும். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். 30 கிராம் எடையுள்ள குண்டு நசுங்குவதற்கு முன் சுமார் 17 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த அளவு எந்த வகைத் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று அதற்கப்புறம் தேடலாம். குண்டை வார்த்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மூட்டுக்கோடு தெளிவாக இருந்து, நசுங்காமலும் இருந்தால் அது சுடப்படாமல் கீழே விழுந்தது. உருண்டையாக இல்லாமல் கூம்பு வடிவத்தில், அடியில் குழியோடு இருந்தால் அது 1849-இல் பிரான்சின் மினியே உருவாக்கிய வகையோ அதற்குப் பின் வந்ததோதான். பல் தடம் பதிந்த குண்டுகளைக் காட்டி, மயக்க மருந்தில்லாத அறுவைச் சிகிச்சையில் வீரர் கடித்தது என்று சொல்வார்கள். நெருங்கிப் பார்த்தால் அவற்றில் பலவும் பன்றி போன்ற விலங்குகள் மென்றவை.

குண்டு என்றதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வந்தாக வேண்டும். கனமான இரும்பு உருண்டை கிடைத்தால் எல்லோரும் பீரங்கிக் குண்டு என்றுதான் நினைப்பார்கள். அவற்றில் நிறைய, ஆலைகளில் தாது அரைக்கப் பயன்பட்ட உருண்டைகள். ஆனால் மிச்சமுள்ளவற்றில் உள்ளீடற்றவையும் உண்டு, உள்ளே கருமருந்து இருக்கும். ஈரம் புகாத கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும். 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் தன் வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் அது வெடித்து உயிரிழந்தார். பழைய குண்டுகளில் நீண்ட அனுபவமுள்ளவர் அவர். ஆகவே தயவுசெய்து கேளுங்கள்: கனமான இரும்பு உருண்டை, உருளை, முட்டை வடிவம், வால்துடுப்பு, திரி வைக்கும் துளை என எது தெரிந்தாலும் தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். தூக்காதீர்கள், தட்டாதீர்கள், எடை போடவும் வேண்டாம். இடத்தைத் தள்ளி நின்று குறித்துக்கொண்டு காவல் துறையிடம் சொல்லுங்கள். படம் எடுக்க நெருங்கிப் போகவும் தேவையில்லை.

பொருளைவிட அது கிடந்த இடம் அதிகம் சொல்லும் என்பதை டிடெக்டர் வைத்திருக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. லிட்டில் பிக்ஹார்னைப் பாருங்கள். 1876-இல் அமெரிக்க ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி கஸ்டரின் படை, லகோட்டா, செயென், அரபஹோ என்ற பூர்வகுடி வீரர்களிடம் தோற்ற களம் அது. 1983-இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. 1984, 1985 ஆண்டுகளில் தொல்லியலாளர்களின் மேற்பார்வையில் தன்னார்வலர்கள் டிடெக்டரோடு வரிசையாக நடந்தார்கள். ஒலி வந்த இடத்தில் கொடி நட்டார்கள். ஒவ்வொரு பொருளின் இடத்தையும் அளந்து குறித்த பிறகே எடுத்தார்கள். தோட்டாக் கூட்டின் அடியில் துப்பாக்கியின் ஊசி தட்டிய தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைபடமே போட்டார்கள். அந்தக் கூடுகளை யாராவது பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டிருந்தால், டப்பா நிறையத் தோட்டாக் கூடுகள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸனில் தொலைந்த சுத்தியலைத் தேடப்போனவருக்கு ரோமானியக் காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால் சுமார் 15,000 காசுகள் கிடைத்ததோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி, உள்ளே இருந்த சிறு பெட்டிகள், பொதிந்து வைத்த துணி, குட்டி வெள்ளிப் பூட்டுகள் எல்லாவற்றையும் அடுக்கிய ஒழுங்கோடு மீட்க முடிந்தது. நெப்ரா தட்டுக்கு அந்த நல்வாய்ப்பு கிடைக்கவில்லை. 1999-இல் அனுமதியில்லாமல் தோண்டியவர்களின் கருவி பட்டு அது சேதமடைந்தது, கைமாறி விற்கப்பட்டது, 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காவல் துறையிடம் சிக்கியது. ஒட்டியிருந்த மண்ணைக் கிடைத்த இடத்து மண்ணோடு ஒப்பிட்டுத்தான் அதன் ஊரையே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதன் காலம் பற்றிய சர்ச்சை பிறகும் எழுந்தது. மண்ணைக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் அரசு நிலத்தில் தொல்பொருளைத் தோண்டுவதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி டிடெக்டரை எடுத்துச் செல்வதே குற்றமாகும் நாடுகளும் உண்டு. நிலத்துக்காரரின் சம்மதமும் சட்டமும் தெரியாமல் கருவியை இயக்காதீர்கள். அப்படித் தோண்டியதை அடையாளம் சொல்ல நான் உதவுவதில்லை.

கேட்டு எழுதும்போது இவற்றை அனுப்புங்கள்: கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு, ஆழம், கூடக் கிடந்தவை, அளவுகோல் பக்கத்தில் வைத்து இரு பக்கமும் விளிம்பும் தெரியும் படங்கள், கிராமில் எடை. விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும். ஈயத்தை மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்க வேண்டாம், அவை வெளியிடும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். கடல்நீரிலிருந்து வந்த இரும்பைக் காயவிடாமல் நீரிலேயே வைத்திருங்கள், காய்ந்தால் விரிசல் விட்டு உரியும்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? அதையும் எழுதுங்கள். எதில் ஊறவைத்தீர்கள், எவ்வளவு நேரம், எதால் தேய்த்தீர்கள் என்று சொன்னால் போதும். அமிலத்தில் கிடந்த பித்தளையின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கும். உலோகத்தின் கலவையைக் காட்டும் கருவி அந்த மேற்பரப்பைத்தான் படிக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டால் பித்தளைப் பொருளைச் செம்பு என்று பதிவு செய்துவிடுவோம்.