கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு: பழைய விளையாட்டுக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு பக்கமிருந்து கார்டு மதிப்பிடக் கொண்டுவருகிறவர்கள் பலரிடமும் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, பரணில் கிடந்த பிஸ்கட் டப்பா. இன்னொன்று, செல்போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட். டப்பாவில் 90-களின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு, பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படம், பையன் பெட்டிக்கடையில் வாங்கிச் சேர்த்த மேட்ச் அட்டாக்ஸ் கால்பந்துக் கார்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் அதே மாதிரி கார்டுக்கு 2 லட்சம் ரூபாய் போட்டிருக்கும்.

அந்த 2 லட்சம் ஒருவர் கேட்கிற விலை. யாரும் கொடுத்த விலை அல்ல. இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் யாரும் எந்தப் பொருளுக்கும் எந்த விலையும் போடலாம். விற்காவிட்டால் அந்த அறிவிப்பு மாதாமாதம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் விற்காத பொருள்தான் தேடும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும், ஏனென்றால் நியாய விலைக்கு வந்தது அன்றைக்கே போயிருக்கும்.

பார்க்க வேண்டியது விற்ற விலையை. இபே தேடலில் வடிகட்டி பகுதிக்குப் போய், விற்பனையானவை என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கடைசி 90 நாளில் விற்றவை பச்சை எழுத்தில் வரும். சிலவற்றில் விலைமேல் கோடு கிழித்திருக்கும். அது பேரம் பேசி முடிந்த விற்பனை. உண்மையில் கைமாறிய தொகை அதைவிடக் குறைவு. ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கூட்டாளியை விட்டு ஏலத்தை ஏற்றுவதும் உண்டு, ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் போவதும் உண்டு. குறைந்தது ஐந்து விற்பனை பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, கம்பெனி, கார்டு எண், நிற வகை நான்கும் உங்கள் கார்டோடு பொருந்தினால்தான் அது ஒப்பீடு. இன்றைய கார்டுகளில் ஒரே படம் பத்துப் பதினைந்து நிறத்தில் வரும். பின்னால் 25/99 என்று எண் அச்சிட்டிருந்தால் அந்த வகையில் மொத்தமே 99 என்று பொருள். எண் இல்லாத அதே படம் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இணையம் விலையை ஏற்றிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. எத்தனை கார்டு உலகத்தில் இருக்கிறது என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. அதனால் சிலவற்றின் விலை ஏறியது, பெரும்பாலானவற்றின் விலை படுத்தது.

முன்பு அமெரிக்காவில் விலையைச் சொன்னது புத்தகம். ஜேம்ஸ் பெக்கெட்டின் விலைக் கையேடு 1979-இல் வந்தது, மாத இதழ் 1984-இல். உள்ளூர்க் கடையில் கிடைக்காத கார்டு என்றால் அபூர்வம் என்றே நினைத்தார்கள். 80-களின் பிற்பகுதியிலிருந்து 90-களின் நடுப்பகுதி வரை கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்தன. வாங்கியவர்களும் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். 1995-இல் இபே வந்தது. ஊர் ஊராக ஒளிந்திருந்த பெட்டிகள் எல்லாம் ஒரே சந்தையில் வந்து இறங்கின. எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்? அந்தக் காலத்துப் பெட்டிகள் பல இன்றும் போட்ட காசைத் தேற்றவில்லை.

நிஜமாகவே குறைவாக இருந்தவற்றின் கதை வேறு. புகையிலைக் கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு ஒன்று, 2000-இல் இபே ஏலத்தில் 12.65 லட்சம் டாலருக்குப் போனது. பத்துக்குத் தரம் 8 என்று சான்று பெற்ற கார்டு. அதன் ஓரத்தை வெட்டிச் சீர்செய்ததை முன்னாளில் அதை விற்ற ஏலக்காரர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சான்று நிறுவனம் மூடிக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தாலும் கார்டை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் கிடையாது.

ஊரடங்குக் காலத்தில் விலை தாறுமாறாக ஏறியது. ஃபிளீர் கம்பெனி 1986-இல் வெளியிட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கார்டு, பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனம் தந்த தரம் 10, 2021 ஜனவரியில் 7,38,000 டாலர். அடுத்த ஆண்டே அது 2 லட்சம் டாலருக்குக் கீழேயும் விற்றது. தரம் 10 பெற்ற ஜோர்டன் கார்டு 300-க்கு மேல் இருப்பது அந்த நிறுவனத்தின் பட்டியலிலேயே இருந்தது. எண்ணிக்கையைப் பார்க்காமல் ஏலத்தில் பாய்ந்தவர்கள்தான் கைசுட்டுக்கொண்டார்கள். தரம் பார்க்க வந்த கார்டு ஒரு கோடிக்கும் மேல் தேங்கியதால், 2021 மார்ச் கடைசியில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளில் புதிதாக வாங்குவதையே சில மாதம் நிறுத்தி வைத்தது.

படத்தை மட்டும் பார்த்து வாங்கும் சந்தையில் பொருளின் நிலைதான் விலை. அதே ஜோர்டன் கார்டு தரம் 9 என்றால் 10-இன் விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். இடது, வலது வெள்ளை ஓரங்களை மில்லிமீட்டர் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இடது 2, வலது 3 என்றால் 40/60. முன்பக்கம் 55/45-க்குள் இருந்தால்தான் 10-க்கு வாய்ப்பு. பிறகு விளக்கொளியில் கார்டைச் சாய்த்துப் பிடியுங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத கீறலும் அழுத்தமும் அந்தச் சாய்வில் தெரியும். மூலையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் 10 கிடைக்காது.

இனி நம் ஊர் வானிலைக்கு வருவோம். வெளிநாட்டுக் காணொளிகளில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பளபளக்கும் ஃபாயில், குரோம் கார்டுகளில் முன்பக்கம் பிளாஸ்டிக் படலம், பின்பக்கம் காகிதம். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும் காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், படலம் விரியாது. கார்டு முன்பக்கமாகக் குழியும். தை மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும்போது காகிதம் சுருங்கி, எதிர்ப்பக்கம் வளையும். வருடத்துக்கு ஒரு தடவை இப்படி முன்னும் பின்னும் வளைந்தால் ஓரத்தில் படலம் பிரியத் தொடங்கும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு கார்டுக்கும் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் ஸ்லீவ், அதன்மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. கார்டின் தடிமனைப் பாயிண்டில் சொல்வார்கள்: சாதாரணக் கார்டுக்கு 35 பாயிண்ட் அளவு போதும்; துணித்துண்டு பதித்த தடிமனான கார்டுக்கு 130 வேண்டும். இறுக்கமாகத் திணித்தால் மூலை போய்விடும். ரப்பர் வளையம் மூடிய டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் பை போட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. 40-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். அதிகம் காய்ந்தாலும் வளையும். ஜெல்லின் ஆரஞ்சு மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது. 110, 120 டிகிரியில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

துணி பீரோவில் பாச்சை உருண்டையோடு கார்டை வைக்கவே கூடாது. அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஓரத்தில் வெட்டு விழும். ஒட்டும் தாள் ஆல்பமும் வாசனை அடிக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறையும் மையை உரித்துக்கொண்டு வரும். ராமபாணப் பூச்சிக்கு மூடிய டப்பாவே போதும்.

இந்தப் பக்கம் கால்பந்துப் பைத்தியம் அதிகம் என்பதால் மெஸ்ஸி கார்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனினி கம்பெனியின் 2004-05 மெகாகிராக்ஸ் வரிசையில் 71-ஆம் எண்தான் அவருடைய பெயர்போன முதல் கார்டு. போலியும் அதற்கு ஏற்ற அளவில் சுற்றுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்குங்கள். ஆஃப்செட்டில் அச்சான படத்தில் புள்ளிகள் பூப்போல ஒழுங்காக அமைந்திருக்கும், கறுப்பு எழுத்து கெட்டியாகத் தனியாக நிற்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். சிவகாசி அச்சகங்களோடு பழக்கமுள்ளவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. அதே வரிசையைச் சேர்ந்த விலை குறைந்த வேறு கார்டு ஒன்றை வாங்கி, தடிமனையும் பின்பக்க வெண்மையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. சான்று பெட்டியில் வந்தால் அதன் எண்ணை அந்த நிறுவனத் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் மையம், மூலை, லேபிள் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையான எண்ணைப் போலிப் பெட்டியில் அச்சிடுகிறார்கள்.

நம் கார்டை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாமா? கட்டணம், போகவரக் கூரியர், இன்சூரன்ஸ் சேர்ந்தால் கார்டுக்குச் சில ஆயிரம் ஆகும். திரும்பி வரும்போது நம் பொருள்தான் என்பதற்கு அனுப்பிய ஆவணம் இல்லாவிட்டால் சுங்கத்தில் புது இறக்குமதியாகவே பார்ப்பார்கள். மதிப்பைக் குறைத்து எழுதினால் வழியில் தொலைந்தாலும் எழுதிய தொகைதான் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான சுங்கச் சலுகையை எடுத்ததும், அங்கே போகும் பெரும்பாலான பார்சல்களை நம் அஞ்சல் துறை சில வாரம் நிறுத்தியது. அனுப்பும் முன் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு போடும்போது 10 வந்தால் எவ்வளவு லாபம் என்று போடாதீர்கள். 9 வந்தாலும் நட்டம் இல்லை என்றால் அனுப்புங்கள். பபிள்கம் படத்துக்கும் மேட்ச் அட்டாக்ஸுக்கும் பெரும்பாலும் இந்தச் செலவு தேறாது.

அவற்றை வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் முழு செட்டாகவோ நூறு நூறாகவோ விற்பதே லாபம். தனித்தனியாகப் போட்டால் தபால் செலவே விலையை விழுங்கும். பிக் ஃபன் படங்களை ரன் சேர்த்துப் பரிசுக்குக் கொடுத்துத் தீர்த்தவர்கள் நிறைய. ஆகவே மிஞ்சியது குறைவுதான். ஆனால் வாங்குகிறவர்களும் அந்த நாளில் சேர்த்தவர்கள் மட்டுமே. "அண்ணா, லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பேரம்கூடப் பேசாமல் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போடுகிறவரிடம் ஜாக்கிரதை. உங்கள் வங்கி ஆப்பில் தொகை வந்ததைப் பார்த்த பிறகுதான் பார்சல் போக வேண்டும். பணம் வாங்க யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

பேக்கிங்கில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம். டாப்லோடர் வாயை செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது பசை கார்டில் இழுபடும். எளிதில் உரியும் பெயின்டர் டேப் ஒட்டி, நுனியை மடித்துவிடுங்கள். ஜிப் பையில் போட்டு, இருபுறமும் அட்டை வைத்து, குமிழ்த்தாள் சுற்றி, சின்னப் பெட்டியில் அசையாமல் அடைத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியேயும் ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். கவரில் அனுப்பினால் முத்திரை அடிக்கும் இடத்திலேயே வளையும். ஒட்டுவதிலிருந்து கவுன்டரில் கொடுப்பதுவரை வெட்டில்லாமல் வீடியோ எடுத்து, வாங்குகிறவரிடமும் பிரிக்கும்போது அதேபோல் எடுக்கச் சொல்லுங்கள். எடையும் பார்சல் எண்ணும் அந்த வீடியோவில் தெரிய வேண்டும்.