கம்பியில்லா மிதிவண்டிக் கணினியா, ஓட்டமானியா?

வேகமும் தூரமும் காட்டச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுகிற சின்னப் பெட்டியை ஆங்கிலத்தில் ஒயர்லெஸ் சைக்கிள் கம்ப்யூட்டர் என்கிறார்கள். அதற்கு ‘கம்பியில்லா மிதிவண்டிக் கணினி’ என்று பேர் வைத்த புண்ணியவான் எந்த ஊரோ, ஒரு சைக்கிள் கடையில் பத்து நிமிஷம் நின்றவராக இருக்க முடியாது. முதலில் பெட்டியோடு வந்த தாளில் பார்த்தேன், அப்புறம் ஒரு வீடியோவில் கேட்டேன், இப்போது கும்பகோணம் பக்கம் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் வாயிலேயே வர ஆரம்பித்துவிட்டது.

எங்கள் பக்கம் சைக்கிளில் கம்பி என்றால் போக்ஸ் கம்பிதான். “ரெண்டு கம்பி போயிருக்கு, மாத்திட்டு கோட்டம் எடுத்துடலாம் தம்பி” என்று கடைக்காரர் சொன்னால் யாரும் மின்கம்பியைத் தேட மாட்டார்கள். ஆகவே ‘கம்பியில்லா மிதிவண்டி’ என்று படிப்பவனுக்குச் சக்கரத்தில் கம்பியே இல்லாத ஒரு வண்டிதான் கண்ணில் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பி இல்லாவிட்டால் இந்தப் பெட்டி வேலையே செய்யாது. முன்சக்கரத்துக் கம்பி ஒன்றில்தான் காந்தத்தை மாட்ட வேண்டும். அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் கட்டியிருக்கும் சென்சாருக்குள் இரண்டு மெல்லிய தகடுகள், காந்தம் கிட்டே வரும்போது ஒட்டும், தாண்டியதும் விலகும். ஒரு ஒட்டு, ஒரு சுற்று. அந்தச் செய்தியை ரேடியோ அலையில் மேலே இருக்கும் பெட்டிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்கலாம். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் ஒன்று இடிக்கும், இல்லையென்றால் எட்டாமல் போய் வேகம் பூஜ்யம் என்று காட்டும்.

பழைய மாடலில் சென்சாரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் பிரேக் கேபிளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். புதியதில் அது இல்லை. கடையில் கேட்பதும் அதைத்தான்: “ஒயர் வச்சதா, ஒயர் இல்லாததா?” கம்பியில்லாத் தந்தி என்று அந்தக் காலத்தில் சொன்னது சரிதான், தந்திக்குக் கம்பம் கம்பமாகக் கம்பி ஓடியது. அதே சொல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து சைக்கிளில் ஒட்டினால் எப்படி? ‘வடமில்லா’ என்று திருத்துபவர்களும் உண்டு. வடம் என்றால் திருவாரூர்த் தேரை நினைக்கிற ஊர்க்காரர்களிடம் அதையும் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி கணினி. கம்ப்யூட்டர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் கணக்கிடுவதைக் குறிக்கும் வினை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கணக்குப் போடும் ஆளைக் குறித்தது, எந்திரத்துக்குப் போனது பின்னாளில். தமிழில் கணி என்ற அடி பழையது, கணியன் பூங்குன்றனார் பேரிலேயே இருக்கிறது. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், ‘ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்கிறான், நாமும் கணினி என்போம்’ என்ற சோம்பேறித்தனத்தில். ஆங்கிலக்காரனே 19ஆம் நூற்றாண்டில் இதைச் சைக்ளோமீட்டர் என்றுதான் சொன்னான். அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் 1890களில் செய்து விற்றது, சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு முள் தட்டி எண்ணை நகர்த்தும் சின்ன எந்திரம். வேலை அன்றும் இன்றும் ஒன்றே, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுவது. உள்ளே எலக்ட்ரானிக் சில்லு வந்ததும் விற்பனைக்குக் கவர்ச்சியாகக் கம்ப்யூட்டர் ஆக்கிவிட்டார்கள். அவன் விளம்பரத்துக்கு வைத்த பேரை நாம் ஏன் அகராதிக்குள் ஏற்ற வேண்டும்? கணக்குப் போடுகிறதே என்பார்கள். போடுகிறது, சுற்றை நீளத்தால் பெருக்கி நேரத்தால் வகுக்கிறது. ஆட்டோ மீட்டரும்தான் காசுக் கணக்குப் போடுகிறது, அதை ஆட்டோக் கணினி என்று யாராவது சொல்கிறோமா? கணினி என்றதும் டீக்கடையில் கேட்கிற முதல் கேள்வி “இதுல மேப் வருமா அண்ணே?” என்பதுதான். வராது. பாட்டும் வராது, போனும் பேசாது. பொத்தான் பேட்டரியில் ஓடுகிற இந்தச் சாதாரணப் பெட்டிக்குத் தஞ்சாவூர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அளக்கிற கருவிக்குப் பேர் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? பெரிய கோயில் கல்வெட்டில் பொன் நிறுக்கும் கல்லுக்கும் ஆடவல்லான் என்று பேர், நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பேர். தமிழுக்கென்றே 1981இல் பல்கலைக்கழகம் வந்ததும் அதே தஞ்சாவூரில்தான். வெப்பமானி, அழுத்தமானி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாகிவிட்டது. அந்த வரிசையில் ஓட்டமானி என்பதே என் கட்சி. “இன்னிக்கு எவ்வளவு ஓட்டம்?” என்று லாரி டிரைவர்கள் தூரத்தைத்தானே கேட்கிறார்கள், சொல் ஏற்கெனவே ரோட்டில் கிடக்கிறது. மானி வடமொழி என்று முகம் சுளிப்பவர்கள் ஓட்ட அளவி என்று எழுதட்டும், நான் தடுக்கவில்லை, ஆனால் அவர்களே காய்ச்சல் வந்தால் வெப்பமானியைத்தான் தேடுவார்கள். வேகமானி போதாதா என்றால் போதாது, வேகம் அது காட்டுகிறவற்றில் ஒன்று. இன்றைய தூரம், மொத்தத் தூரம், சராசரி, ஓட்டிய நேரம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பேச்சில் மீட்டர் என்றால் போதும். ஒயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘ஒயரில்லா ஓட்டமானி’. ஒயர் ஆங்கிலமாயிற்றே என்றால், சைக்கிளும்தான்.

பேரோடு போனால்கூட விட்டுவிடலாம். அந்தத் தாளில் முதல் வேலையாக ‘சக்கர அளவை உள்ளிடுக’ என்று இருக்கிறது. பெட்டி கேட்பது சுற்றளவு, அதுவும் மில்லிமீட்டரில். நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 2230 வரும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்து, ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்தால் இன்னும் சரியாகக் கிடைக்கும். ‘சக்கர அளவு’ என்று படித்தவன் என்ன செய்வான், குறுக்கே டேப் பிடித்து 711 என்று போடுவான். அப்புறம் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு நாற்பது கிலோமீட்டர் மிதித்துப் போனாலும் பெட்டி பதின்மூன்று என்று காட்டும். பொருள் புரியாமல் பெயர்த்தால் வருகிற நஷ்டம் இது, தமிழில் சொல் இல்லாமல் வந்ததல்ல. சுற்றளவு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த சொல்தானே!

அதே தாளில், கொஞ்ச நேரம் நின்றால் திரை அணைகிற ஸ்லீப் மோடுக்கு ‘தூக்கப் பாங்கு’ என்று போட்டிருக்கிறார்கள். விலை கூடிய மாடலில் நிமிஷத்துக்கு எத்தனை மிதி என்று காட்டும் கேடன்ஸுக்கு ‘சந்தம்’. கேடன்ஸுக்குக் கவிதையில் என்ன அர்த்தமோ அதை எடுத்துப் பெடலில் வைத்திருக்கிறார்கள். மிதிவேகம் என்று எழுதியிருந்தால் கடைக்காரருக்கும் புரிந்திருக்கும்.