பிரிஜ் எந்நேரம் சத்தம் போடுதுன்னு பாருங்க

போன வருஷக் கடைசில அம்மாவுக்கு ஹட்டன் டவுன்ல ஒரு கடைல தவணைக்கு பிரிஜ் ஒண்ணு எடுத்துக் குடுத்தோம், ரெண்டு கதவு, ஐஸ் கட்டாதுன்னு சொல்ற வகை. அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறிச்சவங்க, வீட்டுல இருக்கிற சாமான்லயே இதுதான் விலை கூடுனது, அதனால அதுல ஒரு சின்ன சத்தம் வந்தாலும் அவங்களுக்கு நெஞ்சு திக்குனு ஆகிரும். ரெண்டு மாசம் கழிச்சு போன் எடுத்து, "தம்பி, ஒரு நேரம் உள்ளுக்குள்ள யாரோ தட்டுற மாதிரி கேக்குது, ஒரு நேரம் தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு, ஒரு நேரம் டர்ர்ருனு இழுக்குது"ன்னாங்க. வொரண்டி இருந்துச்சு, சொன்னோம், டெக்னீசியன் பகல் பதினொரு மணிக்கு வந்தாரு, அந்த நேரம் பாத்து பிரிஜ் பச்சப்புள்ள மாதிரி கம்முனு இருந்துச்சு. ஒரு குறையும் இல்லன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு.

அவர நான் குத்தம் சொல்லல, கேக்காத சத்தத்துக்கு அவரு என்ன செய்யிறது. நாங்க "என்ன சத்தம்"னு மட்டும்தான் சொன்னோம், "எந்நேரம், அப்ப வீட்டுல என்ன நடந்துச்சு"ன்னு சொல்லல. பிரிஜ்ஜப் பொறுத்த வரைக்கும் அந்த ரெண்டாவது கேள்விதான் பெரிசு, ஏன்னா அதுக்குள்ள ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு நேரத்துல நடக்குது. அதுக்கப்புறம் தங்கச்சி பத்து நாள் சுவத்துக் கலண்டர்ல பென்சிலால குறிச்சா: "6.40 டக் – ம்ம்ம் – டக், அம்மா கேத்தல் போட்டாங்க." "ரா 2.10 படார், ஒரு தடவ." "காலைல 7 டர்ர், கதவத் தொறந்தா நிக்கிது." அத வச்சுத்தான் எல்லாமே பிடிபட்டுச்சு.

கொதிக்கிற சத்தத்த முதல்ல சொல்றேன், அது நெசமாவே கொதிக்கிற சத்தம்தான். மலைல பருப்பு வேக நேரமெடுக்கும்னு நமக்குத் தெரியும், கொழும்புல தண்ணி 100 பாகைல கொதிக்குதுன்னா 1868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியால 94 பாகை கிட்டயே கொதிச்சிரும், மேல போகப் போக காத்தழுத்தம் கொறையிறதுதான் காரணம். குக்கர் அதுக்கு நேர்மாறு, அழுத்தத்தக் கூட்டி 120 வரைக்கும் ஏத்திக் குடுக்குது. அழுத்தம் கொறஞ்சா கொதிநிலை கொறையும், கூடுனா கூடும், பிரிஜ் மொத்தமும் இந்த ஒரே விஷயத்த நம்பித்தான் ஓடுது. இப்ப வர்ற பிரிஜ்கள்ல பெரும்பாலும் ஐசோபியூட்டேன்னு ஒரு வாயு இருக்கு, பின்னால ஸ்டிக்கர்ல ஆர்600ஏன்னு போட்டிருக்கும், சாதாரண அழுத்தத்துல அது மைனஸ் 12 பாகைலயே கொதிச்சிரும். கொம்ப்ரஸர் அந்த வாயுவ அமுக்கி வெளிப்பக்கக் குழாய்க்கு அனுப்ப, அங்க சூட்ட விட்டுட்டு திரவமாகி, ஒரு மில்லிமீட்டர் கூட அகலம் இல்லாத ஓட்டையோட ரெண்டு மூணு மீட்டர் நீளத்துக்கு இருக்கிற ஒரு மெல்லிய குழாய் வழியா நெருக்கியடிச்சுப் போயி, அந்தப் பக்கம் அகலமான குழாய்ல விழுந்த உடனே அழுத்தம் கொறஞ்சு களகளன்னு கொதிக்குது. கொதிக்கச் சூடு வேணும்ல, அத நம்ம மரக்கறிலயும் பால்லயும் இருந்துதான் எடுக்குது. கொம்ப்ரஸர் நின்ன பொறகும் கொஞ்ச நேரத்துக்கு இந்த சத்தம் வரும், ரெண்டு பக்கத்து அழுத்தமும் அந்த மெல்லிய குழாய் வழியா மெதுவா சமமாகுறதுக்கு சில நிமிஷம் எடுக்கும். இந்த சில நிமிஷத்த ஞாபகம் வச்சிக்கங்க, பின்னால தேவப்படும்.

ராவுல வர்ற அந்த "படார்" தோட்டத்து லய வீட்டுல வளந்த யாருக்கும் புதுசில்ல. பகலெல்லாம் வெயில் காஞ்ச தகரக் கூரை அந்தில பனி எறங்குனதும் டக் டக்னு அடிக்கும்ல, தகரம் சுருங்குற சத்தம் அது. பிரிஜ்ஜோட உள்பக்கம் பிளாஸ்டிக், வெளிப்பக்கம் தகடு, நடுவுல பஞ்சு மாதிரி நுரை, மூணும் ஒண்ணோடொண்ணு ஒட்டியிருக்கு. 20 பாகை கொறஞ்சா ஒரு மீட்டர் தகடு கால் மில்லிமீட்டர் அளவு சுருங்கும், அதே நீளத்து பிளாஸ்டிக் ஒண்ணரை மில்லிமீட்டர் கிட்ட சுருங்கும். ஒண்ணு இழுக்க இன்னொண்ணு விடாம புடிக்க, ஒரு கட்டத்துல பட்டுனு விடுபடும். ஐஸ் கட்டாத வகைல உள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு ஹீட்டர் அப்பப்ப பத்தி ஐஸ உருக்கிட்டு அணையும், அந்த நேரம்தான் இது அதிகமா கேக்கும், சூடான ஹீட்டர்ல தண்ணிச் சொட்டு விழுந்து ஸ்ஸ்ஸ்னும் வரும். இதுக்கெல்லாம் ஆள் கூப்பிட வேண்டியதில்ல.

அந்தில வந்த "டக் – ம்ம்ம் – டக்" அப்பிடியில்ல. கொம்ப்ரஸர் எழும்ப முடியாம தவிக்கிற சத்தம் அது. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுத்து, மோட்டாருக்குள்ள காந்த இழுப்பு கரண்டோட ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ உச்சத்துக்குப் போறதால செக்கனுக்கு 100 தடவ அதிருது, அதான் அந்த ம்ம்ம். சுத்தத் தொடங்கிருச்சுன்னா அது பின்னால ஒதுங்கிரும், சுத்தாம மாட்டிக்கிச்சுன்னா ம்ம்ம் மட்டும் பலமா கேக்கும், மோட்டார் சூடாகி எரிஞ்சிரும்னு பக்கத்துல இருக்கிற ஒரு சின்னப் பாதுகாப்பு சுவிட்ச் டக்குனு கரண்ட நிறுத்தும், கொஞ்சம் ஆறுனதும் டக்குனு திரும்ப குடுக்கும், திரும்ப அதே கததான்.

சரி, ஏன் எழும்பல? அடுத்த தடவ வந்த டெக்னீசியன் கலண்டரப் பாத்துட்டு, அவராவே சாயங்காலம் வர்றேன்னு சொல்லி ஆறரைக்கு மீட்டரோட வந்தாரு, எனக்கு ரொம்ப மரியாத வந்த எடம் அது. பிரிஜ் மாட்டியிருந்தது முன் அறைல இருந்து இழுத்த ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் கோட்ல, அதே கோட்ல கரண்டு கேத்தலும். கேத்தல் அணைஞ்சிருக்கும்போது 214 வோல்ட், போட்டதும் 188. ஒரு 26 வோல்ட்டுக்கு என்னன்னு தோணும், ஆனா இந்த மாதிரி மோட்டாரோட ஆரம்ப முறுக்குவிசை, அதாவது சுத்தத் தொடங்குறதுக்கான பலம், வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிதான் வரும். இருக்க வேண்டிய 230க்கு 188ன்னா வோல்டேஜ் அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கொறைவாத்தான் எறங்கியிருக்கு, விசை மூணுல ஒரு பங்கு போயிருச்சு. வீட்டுல எல்லாரும் தேத்தண்ணிக்கு நிக்கிற நேரமும் கொம்ப்ரஸர் ஓடத் தொடங்குற நேரமும் ஒண்ணா வந்தா அது முக்கிட்டு நிக்கும். பகல் பதினொரு மணிக்கு கேத்தல் ஏது.

இன்னொரு சந்தர்ப்பம், மழைக்காலத்துல மரம் சாஞ்சு கரண்டு போயி போயி வர்றது. ஓடிட்டிருந்த கொம்ப்ரஸர் நின்னு பத்து செக்கன்ல கரண்டு வந்துட்டா, மேல சொன்ன அந்த அழுத்தம் இன்னும் சமமாகியிருக்காது, ஒரு பக்கம் முட்டிட்டு நிக்கிற அழுத்தத்துக்கு எதிரா மோட்டார் கெளம்பணும், முடியாது. அதனாலதான் நல்ல ஸ்டெபிலைசர்ல கரண்டு வந்தும் மூணு நிமிஷம் அஞ்சு நிமிஷம் பொறுத்துக் குடுக்கிற வசதி வைக்கிறாங்க. ஸ்டெபிலைசர் இல்லன்னா கரண்டு போனதும் பிளக்கக் கழட்டிட்டு, வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. நாங்க சுவத்துல பிரிஜ்ஜுக்குன்னே தனியா ஒரு பிளக் பொயிண்ட் அடிச்சோம், டக் டக் அன்னியோட நின்னுச்சு. இன்வேர்ட்டர் கொம்ப்ரஸர்ல மோட்டார் மெதுவாத் தொடங்கி வேகத்த ஏத்தி இறக்கிக்கும், அதுல குரல் மாறி மாறிக் கேட்டா பயப்பட வேணாம்.

மூணாவது சத்தம்தான் உண்மையான பிழை, வொரண்டிக்குப் போனது. டர்ர்ருனு வர்றது கதவத் தொறந்த உடனே நிக்கிதுன்னு தங்கச்சி எழுதியிருந்தால்ல, அந்த ஒரு வரி போதும். நெறைய பிரிஜ்ல கதவு தொறந்தா உள் விசிறி நிக்கிற மாதிரி சுவிட்ச் வச்சிருப்பாங்க, கொம்ப்ரஸர் பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்கும். அப்ப சத்தம் விசிறில. கழட்டிப் பாத்தா விசிறி எதழோட நுனி ஐஸ் கட்டில உரசிட்டு இருந்துச்சு, எதழ் விளிம்பு தேஞ்சு வெள்ள வெளேர்னு நூல் மாதிரி கோடு விழுந்திருந்துச்சு. கட்டாதுன்னு சொன்ன எடத்துல ஐஸ் எப்பிடி வந்துச்சுன்னா, மேல் கதவோட ரப்பர் ஒரு மூலைல மடிஞ்சு இருந்துச்சு. ஒரு தாள வச்சு கதவ மூடி இழுத்துப் பாருங்க, நல்ல ரப்பர்னா இறுக்கிப் புடிக்கும், எங்கடதுல அந்த மூலைல மட்டும் தாள் வழுக்கிட்டு வந்துச்சு. வாசல் வரைக்கும் மிஸ்ட் வந்து நிக்கிற ஊர்ல அந்த இடுக்கு வழியா ஈரக்காத்து ராப்பகலா உள்ள போயி ஐஸாகிட்டே இருக்கும், ஹீட்டர் உருக்குறதுக்கு மேல சேரும்.

இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். ஐஸ கத்தியால, ஸ்குரூ டிரைவரால குத்தாதீங்க, பின்னால குழாய் இருக்கு, உள்ள இருக்கிற ஐசோபியூட்டேன் சில பத்து கிராம்தான்னாலும் தீப்புடிக்கிற வாயு. தெரிஞ்ச பையன்னு ஒருத்தரக் கூட்டிட்டு வந்து மூடியக் கழட்ட விடாதீங்க, வேற ஆள் கை வச்சா வொரண்டி செல்லாதுன்னு அந்தக் கார்ட்லயே எழுதியிருக்கும். 10 வருஷம்னு பெரிசாப் போட்டிருந்தா அது பெரும்பாலும் கொம்ப்ரஸருக்கு மட்டும்தான், ரப்பர், விசிறிக்கு எத்தன மாசம்னு சின்ன எழுத்துல பாருங்க. பில்லையும், உள்பக்கம் ஒட்டியிருக்கிற தொடர் இலக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க. சத்தம் வரும்போது நேரம் தெரியிற மாதிரி வீடியோ எடுத்து, முறைப்பாட்டோட அனுப்பி, வந்து பாத்தவரு எழுதுன தாள்ல ஒரு கொப்பி கேட்டு வாங்குங்க. முதல் தடவ கையெழுத்து வச்சப்ப அந்தத் தாள அம்மா வாசிக்கல, அது சிங்களத்துல இருந்துச்சு, இத நெனச்சா எனக்கு இன்னும் மனசு கேக்கல. கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னால எழுதுனத வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க, அது உங்க உரிமை. கடையும் கம்பனியும் இழுத்தடிச்சா பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சொல்லலாம், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்துல வந்த சபை, அவங்க நம்பர் 1977.

எங்களுக்கு புது ரப்பரும் புது விசிறியும் காசில்லாம போட்டுக் குடுத்தாங்க. அதுக்கு முன்னால பிளக்கக் கழட்டி ரெண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் தொறந்து போட்டு, கீழ பழைய சாரத்த விரிச்சு, ஐஸ தானா உருக விட்டோம், அம்மா அந்தத் தண்ணிய ரெண்டு தடவ பிழிஞ்சு ஊத்துனாங்க. இப்ப ராவுல வர்றது அந்த "படார்" மட்டும்தான், அதுக்கு அம்மா எந்திரிக்கிறதில்ல.