மதுரைச் சீமையில் விழுந்த வேகாத கல்

1857 பிப்ரவரி 28. வடக்கே சிப்பாய்ப் புரட்சி வெடிக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்று அப்போதைய மதுரை ஜில்லாவின் தெற்கே, வானத்திலிருந்து இரண்டு கற்கள் வந்து விழுந்தன. ஒன்று சுமார் 61 கிலோ, இன்னொன்று சுமார் 17 கிலோ. உலக விண்கல் பட்டியலில் இவற்றுக்குப் 'பார்நல்லி' என்று பெயர். அந்தப் பட்டியல் தரும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவே பெருநாழி பக்கம் போய் நிற்கிறது. இன்றைக்கு அது ராமநாதபுரம் மாவட்டம்.

கற்கள் ஊரில் தங்கவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி கப்பலேறிவிட்டன. பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, துண்டுகள் வேறு பல நாடுகளில் இருக்கின்றன. 1861-லேயே வியன்னாவில் ஹைடிங்கர் என்ற கனிமவியலாளர் இதைப் பற்றி எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கீழடியின் 2,600 ஆண்டுகளைப் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே வட்டாரத்து மண்ணில் விழுந்த, 456 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு பொருளைப் பற்றி நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வரிகூடச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, ஒரு கல் எப்படி வானத்திலிருந்து வருகிறது?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதும்போது சில்லுகள் தெறிக்கும். அந்தச் சில்லுகளில் சில, வியாழனின் அல்லது சனியின் ஈர்ப்பு திரும்பத் திரும்ப இழுத்துவிடும் பாதையில் போய் மாட்டிக்கொள்ளும். பாதை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு கட்டத்தில் பூமியின் பாதையைக் குறுக்கே வெட்டும். மோதலில் பிரிந்த நாளிலிருந்து பூமிக்கு வந்து சேர, பல லட்சம் முதல் பல கோடி ஆண்டுகள் ஆகலாம்.

காற்று மண்டலத்தில் நுழையும்போது வேகம் குறைந்தது விநாடிக்கு 11 கிலோமீட்டர், பெரும்பாலும் அதைவிட அதிகம். விநாடிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பத்து விநாடிக்குள் போய்விடலாம். இந்த வேகத்தில் வரும் கல்லுக்கு முன்னால் இருக்கும் காற்று விலகி வழிவிட நேரமே இல்லை. அது நசுங்குகிறது, நசுங்கிய காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. கல் காற்றோடு உரசித் தீப்பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறோம், ஆனால் சூட்டில் பெரும்பங்கு இந்த நசுங்கலிலிருந்துதான் வருகிறது. கல்லின் மேற்பரப்பு உருகுகிறது, உருகியதைக் காற்று உடனே வழித்துக்கொண்டு போய்விடுகிறது, அடியில் புதிய பரப்பு வெளிப்பட்டு அதுவும் உருகுகிறது. மணல் அளவுள்ள துகள் என்றால் இதிலேயே முழுவதும் தீர்ந்துபோகும். இரவில் நாம் பார்க்கும் எரிநட்சத்திரம் அதுதான்.

பெரிய கல்லுக்கு வேறு கதை. காற்றின் அழுத்தம் தாங்காமல் அது நடுவானிலேயே உடைகிறது. உடைந்த துண்டுகள் வேகம் இழந்து, தரைக்கு மேல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில் ஒளி அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது மாடியிலிருந்து கைதவறிய கல் விழுவதைப் போன்ற சாதாரண விழுதல்தான். சிறு துண்டுகள் மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். உருகும் பகுதி உடனுக்குடன் பறிபோவதாலும், பாறை வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதாலும், எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடுவதாலும், சூடு உள்ளே போகவே முடிவதில்லை. கடைசியாக உருகிய மெல்லிய படலம் மட்டும் கல்லின் மேல் கறுப்புத் தோலாக உறைந்து நிற்கும். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள். அதனால் விழுந்த கல் வைக்கோல் படப்பைக் கொளுத்திவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

வானத்தில் அதிர்வேட்டு போலக் கேட்கும் சத்தம், ஒலியைவிட வேகமாக வந்த கல்லின் அதிர்ச்சி அலை. நம் பக்கம் கல்குவாரி வெடியும், போர்விமானங்கள் கிளப்பும் சத்தமும் இதோடு குழம்பிப்போவது சகஜம்.

இந்த மாதிரிக் கற்கள் வானத்திலிருந்து வருகின்றன என்பதை ஐரோப்பிய அறிஞர்களே வெகுநாள் நம்பவில்லை. 1794-இல் ஜெர்மனியின் கிளாட்னி அப்படி எழுதியபோது கேலிதான் மிச்சம். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சில் லேகிள் என்ற ஊரில் ஏறத்தாழ 3,000 கற்கள் கொட்டின. இயற்பியலாளர் பியோ அங்கே போய் ஊர் ஊராக விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகுதான் விவாதம் ஓய்ந்தது.

இனி பெருநாழிக் கல்லின் உள்ளே போவோம். இதைத்தான் நிதானமாகச் சொல்ல ஆசை.

கல்லிலிருந்து ஒரு சீவல் எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி, முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பார்கள். அந்தச் சீவலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்த கல்லில் அப்போது நீலம், ஆரஞ்சு, பச்சை நிறங்களில் வட்டங்கள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு வட்டத்துக்குள் கம்பி கம்பியாக ஒலிவீன் கனிமம், இன்னொன்றில் ஓர் ஓரத்திலிருந்து விரியும் பைராக்சீன் இழைகள். இவற்றுக்குக் காண்ட்ரூல் என்று பெயர், இவை உள்ள கல் காண்ட்ரைட். கோள்களே உருவாகாத காலத்தில், இளம் சூரியனைச் சுற்றியிருந்த தூசி திடீரென்று சூடாகி உருகி, விண்வெளியில் மிதந்தபடியே துளித்துளியாக உறைந்தவை இவை. பெருநாழிக் கல்லில் இப்படி ஒரு துளி வழக்கத்துக்கு மாறாக மிகப் பெரிதாக இருந்ததால், 1967-இல் அதற்கென்றே தனிக் கட்டுரை எழுதினார்கள்.

காண்ட்ரைட்டுகளில் இரும்பு குறைந்த, அதிலும் உலோக இரும்பு மிகக் குறைந்த வகைக்கு 'எல்எல்' என்று பெயர். அதோடு ஓர் எண் சேரும். காண்ட்ரைட் பட்டியலில் 3 என்றால் அந்தக் கல் பெரிதாகச் சூடுபடவில்லை, துளிகளின் விளிம்பு கூர்மையாக அப்படியே இருக்கிறது என்று பொருள். 6 என்றால் நன்றாக வெந்து, துளிகள் சுற்றியுள்ள பொருளோடு கரைந்து மங்கிவிட்டன. பெருநாழிக் கல் எல்எல் 3.

எது இவற்றை வேகவைத்தது? சூரியன் இல்லை. சிறுகோள் உருவான காலத்தில் அதில் கலந்திருந்த அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமம். ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும், சிதையும்போது வெப்பம் விடும். சிறுகோளின் நடுவில் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் தேங்கும், மேற்பரப்புக்குப் பக்கத்தில் சீக்கிரம் ஆறிவிடும். செங்கல் காளவாசலைப் பிரிக்கும்போது பார்த்திருப்பீர்கள்: நடு அடுக்கில் உள்ளவை நன்கு வெந்து கணீரென்று ஒலிக்கும், ஓரத்தில் இருந்தவை அரைவேக்காடாக வரும். பெருநாழிக்கு வந்தது ஓரத்துக் கல். வேகாததால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. ஆதியில் துளிகள் எப்படி உறைந்தனவோ அந்தத் தடயம் அழியாமல் இருக்கிறது.

நடு அடுக்குக் கல்லும் தமிழ்நாட்டுக்கே வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் மொத்தம் சுமார் 110 கிலோ எடையுள்ள விண்கற்கள் விழுந்தன. அவை எல்எல் 6. ஒரே குடும்பத்தில் வேகாத கல்லும் முழுக்க வெந்த கல்லும், 151 ஆண்டு இடைவெளியில், ஒரே மாநிலத்தில்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னும் உறுப்பினர்கள் உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் சுமார் 20 மீட்டர் அகலக் கல் ஒன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. 'என்ன வெளிச்சம்' என்று மக்கள் ஜன்னலுக்குப் போய் நின்ற நேரத்தில் அதிர்ச்சி அலை வந்து சேர்ந்தது. சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். அந்தக் கல் எல்எல் 5. அப்புறம், ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005-இல் இட்டோகாவா என்ற சிறுகோளை அடைந்து, 2010-இல் அதன் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தது. சோதித்துப் பார்த்தால் அதுவும் எல்எல் வகையே, பெரும்பாலும் நன்கு வெந்த துகள்கள். விண்கற்கள் சிறுகோள்களிலிருந்து வருகின்றன என்று தொலைநோக்கி வழியாக ஊகித்ததை நேரடியாகக் கொண்டுவந்து உறுதிசெய்த முதல் சான்று அது. சந்திரன், செவ்வாயிலிருந்து வந்த விண்கற்கள் செய்தியில் அதிகம் அடிபடும். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்தது செவ்வாய்க் கல். ஆனால் சூரியக் குடும்பம் பிறந்த கதைக்கு இந்தச் சாதாரணக் காண்ட்ரைட்டுகள்தான் மூல ஆவணம்.

இரும்பு விண்கற்கள் தனி ரகம். முழுக்க உருகிய சிறுகோள்களின் மையத்திலிருந்து வந்தவை அவற்றில் பல. நமீபியாவில் 1920-இல் உழும்போது ஏர் தட்டி வெளிப்பட்ட ஹோபா, சுமார் 60 டன். நகர்த்த முடியாமல் இன்றும் அதே இடத்தில் கிடக்கிறது.

நம் ஊரில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தால் விண்கல்லா என்று கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது இரும்புக் கிட்டம்தான். பழைய உலைகளில் இரும்பு உருக்கியபோது கழிந்தது. உடைத்த முகத்தைப் பாருங்கள்: ஊசி குத்தியது போலக் காற்றுக்குமிழித் துளைகள் இருந்தால் கிட்டம். விண்கல்லில் அநேகமாகத் துளையே இருக்காது. மெருகிடாத ஓட்டின் அடிப்பக்கத்தில் தேய்த்தால் செந்தூளாகக் கோடு விழுந்தால் அது இரும்புத்தாதுக் கல். விண்கல்லின் உடைந்த முகத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே பளிச்சென்று உலோகப் பொட்டுகளும், பார்நல்லி மாதிரிக் கல் என்றால் உருண்டைத் துளிகளும் தெரியும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வைக்காமல் இருப்பதே நல்லது: பலமான காந்தம், அந்தக் கல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வைத்திருக்கும் காந்தப் பதிவை அழித்துவிடும். எல்எல் வகையில் உலோகம் குறைவு என்பதால் காந்தம் சரியாக ஒட்டாமலும் போகலாம்.

வெடிப்புச் சத்தம் கேட்டாலே விண்கல் என்று முடிவுகட்டவும் கூடாது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பில் ஒருவர் இறந்தார், விண்கல் என்று செய்தி உலகம் முழுக்கப் பரவியது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், அது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருப்பதாகச் சொன்னார்கள்.

உண்மையிலேயே பெரிய தீப்பந்து ஒன்றைப் பார்த்தால், எந்தத் திசையில் தோன்றி எங்கே மறைந்தது, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எத்தனை விநாடி என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். கரிசல் காட்டில் சுக்கான்கல்லைத் தவிரப் பெரிதாகக் கல் கிடையாது, அதனால் புதிதாக விழுந்த கறுப்புக் கல் அங்கே எளிதில் கண்ணில் படும். கழுவ வேண்டாம், வெறுங்கையால் தொட வேண்டாம். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, விழுந்த இடத்தைப் படமெடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நம் நாட்டு விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அவர்களுடையது. எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கோம்பில் ஒரு வீட்டு வாசலில் விழுந்த கல்லை மறுநாள் காலையிலேயே பையில் எடுத்து வைத்துவிட்டார்கள். மழை நனைக்காத கல் என்பதால்தான் அதில் இருந்த நீர் விண்வெளியிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நம் ஊர் வடகிழக்குப் பருவமழை ஒன்று போதும், உலோகப் பொட்டுகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.